தாய்மாமன் முதுகில் நாலு திருகு

புதுச்சேரி
10.6.2024

தம்பி தெய்வநாயகத்துக்கு அக்கா சுலோச்சனா எழுதுவது.

சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. சௌக்கியமில்லை என்று உன் பெண்டாட்டி ராஜம்மாள் நேற்று போனில் அழுது தீர்த்துவிட்டாள். உன்னோடு இனிப் பேச மாட்டேன் என்று நிச்சயதார்த்த மண்டபத்தில் அத்தனை சனத்துக்கு முன்னால் சொன்னவள் நான். சொன்ன சொல்லில் நிற்பேன். பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் போன் பண்ணி அக்கா அக்கா என்று குழையாதே, கட் பண்ணிவிடுவேன்.

சௌந்தர்யாவுக்கு இருப்பது ஒரே ஒரு தாய்மாமன். ஜமக்காளத்தில் உட்கார்ந்து சம்பந்தி கையால் தட்டு வாங்க வேண்டியவன், தூணைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றாய். "நின்னுகிட்டே மாத்திக்கலாம்" என்றாய். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ரெண்டு வேன் பிடித்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்பந்தியம்மா சொர்ணாம்பாள் என் காதில் விழும்படியே, மாமனுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லையா என்று கேட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. திமிர் என்று நினைத்துத்தான் அப்படிக் கத்தினேன்.

அது திமிர் இல்லை, முதுகு என்று ராஜம்மாள் இப்போது சொல்கிறாள். கீழ் முதுகில் டிஸ்க் தேய்ந்துபோய் ஒரு எலும்பு இன்னொன்றின் மேல் நழுவி உட்கார்ந்திருக்கிறதாம். இடது கால் மரத்துப்போய், செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் பாலக்கரையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தாயாம். உட்கார்ந்தால் நாலு பேர் தூக்கிவிட வேண்டியிருக்கும், சபையில் அது அசிங்கம் என்று நின்றாயாம். இதை என்னிடம் சொல்ல உன் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

என் மெஸ்ஸுக்கு எதிரிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே முதுகுக்கென்றே ஒரு டாக்டரம்மா இருக்கிறார். தை மாதம் கல்யாணம். அதற்குள் முதுகைச் சரி பண்ணிக்கொள். நீ வராத மணவறையில் என் பெண் உட்கார மாட்டாள்.

சுலோச்சனா


விருத்தாசலம்
19.6.2024

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் அதை ரெண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, கோர்ட்டு சமாசாரமா என்று கேட்டார். கிட்டத்தட்ட அதுதான் என்றேன்.

ராஜம்மாள் ஒன்றை ஒன்பதாக்குவாள். ஆனால் செருப்பு விஷயம் உண்மைதான். இங்கே ஒரு டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, தேய்ந்த டிஸ்க்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சின்னதாக ஒரு கூடு வைத்து, மேல் எலும்பில் ரெண்டு, கீழ் எலும்பில் ரெண்டு என்று நாலு திருகு போட்டு, கம்பியால் இணைக்க வேண்டும் என்றார். எல்லாம் டைட்டானியம் என்றார். திருகு எதுக்குள்ளே போகும் என்று கேட்டேன். எலும்புக்குள்ளே என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி. எங்கள் செராமிக் கம்பெனியில் சுடுவது கரண்டுக் கம்பத்துப் பீங்கான். அதற்குள் இரும்புத் தண்டு வைத்து சிமெண்ட் போடுவோம். வெயிலில் இரும்பு விரியும், பீங்கான் அந்த அளவுக்கு விரியாது. பதம் தப்பிப் பொருத்தியது மேலிருந்து கீழே மயிர்க்கோடாக விரிசல் விட்டுத் திரும்பி வரும். ஷெட்டுக்குப் பின்னால் அப்படிக் குவிந்து கிடக்கிறது. எலும்பும் பீங்கான் மாதிரிதான், வெள்ளையாக, கெட்டியாக. நம்ம ஊர் சித்திரை வெயிலில் நாலு திருகோடு நான் சூளை முன்னால் நின்றால் என்ன ஆகும்? நான் அந்தக் குவியலில் சேர்ந்துவிடுவேன்.

இன்னொன்றும் உண்டு. நம் சனத்தில் தாய்மாமன்தான் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய் மணையில் உட்கார வைத்து நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். ஆபரேஷன் ஆனால் பாரம் தூக்கக் கூடாது என்கிறார்கள். இப்போது வலித்தாலும் ஒரு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு அவளைத் தூக்கிவிடுவேன். அவள் பிறந்த அன்றைக்கு முதலில் தூக்கியது நான்தான். ஆகையால் முதுகு அப்படியே இருக்கட்டும்.

தெய்வநாயகம்


புதுச்சேரி
2.7.2024

தம்பிக்கு,

உன் கடிதத்தை என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். ஜெயராஜ் மாமா சிரித்ததில் தோசை கருகிப் போயிற்று. உடம்பை யாராவது கரண்டுக் கம்பத்தில் மாட்டப் போகிறார்களா? சூளையிலேயே கிடந்து உனக்கு மூளையும் வெந்துவிட்டது.

ஆனால் உன் பிடிவாதம் எனக்குத் தெரியும், வாயால் சொன்னால் நீ நம்ப மாட்டாய். அதனால் பத்து நாளாக மெஸ்ஸில் எனக்கு இதே வேலை. இட்லி சாப்பிட வருகிறவர்களில் இடுப்பில் பெல்ட் கட்டியவர் யாரைப் பார்த்தாலும் விடுவதில்லை. எத்தனை திருகு, எப்போது போட்டது, குனிய முடிகிறதா, வெயிலில் போனால் ஏதாவது செய்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் சாம்பார் ஊற்றுகிறேன். ஒரு வாத்தியார் சட்டையைத் தூக்கித் தழும்பையே காட்டிவிட்டார். பக்கத்து டேபிளில் இருந்தவர் எழுந்து போய்விட்டார்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் கலீல் ரஹ்மான் பாய்க்கு மங்கலம்பேட்டை. சவுதியில் டிரைலர் ஓட்டி முதுகைக் கெடுத்துக்கொண்டவர். நம்ம டாக்டரம்மாதான் ஆபரேஷன் செய்தது. முதுகில் இருப்பது நாலு திருகு. அதோடு திரும்பவும் சவுதிக்குப் போய், சூப்பர்வைசராக ரெண்டு கோடைக்காலம் அந்த வெயிலில் நின்றுவிட்டு வந்தவர். செக்கப்புக்கு வந்தவர் என்னிடம் மாட்டினார். உன் பீங்கான் கதையைச் சொன்னேன். "நானே போயி உங்க தம்பிய பாக்குறேன்மா" என்றார். அவரிடம் கேள். தழும்பையும் பார்த்துக்கொள். டீ வாங்கிக் கொடு.

சுலோச்சனா


விருத்தாசலம்
8.7.2024

அக்காவுக்கு,

நீ அனுப்பிய ஆள் வீட்டுக்கு வரவில்லை, நேராகக் கம்பெனிக்கே வந்துவிட்டார். அன்றைக்குச் சூளையிலிருந்து சுட்ட பீங்கான் அடுக்கிய வண்டியை வெளியே இழுக்கும் நாள். கதவைத் திறந்தால் அடிக்கும் அனலில் எங்கள் பையன்களே பின்வாங்குவார்கள். நானே தூர நின்றுதான் கவனிப்பேன்.

பாய் உன் கடிதத்தை என் கையில் கொடுத்தார். படித்து முடிக்கும் வரை நின்றார். பிறகு சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு, சூளைக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய் நின்றார். எத்தனை பேர் கூப்பிட்டும் வரவில்லை. வேர்த்து ஊற்றுகிறது, மனுஷன் அசையவில்லை. "வெடிக்குதா பாத்து சொல்லுங்க, தெய்வநாயகம்" என்றார். வேலை நின்றுபோயிற்று. முதலாளி ஆபீஸிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அப்புறம் நான் செய்ததைக் கேட்டால் நீ சிரிப்பாய். சுட்டு எடுத்த பீங்கானை நாங்கள் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்போம். கணீரென்று ஒலித்தால் நல்லது, மொத்தையாகக் கேட்டால் உள்ளே விரிசல். கை தானாகப் போய் அவர் முதுகில் தட்டிவிட்டது. பாய்க்குச் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. பையன்கள் இப்போது என்னைக் கண்டாலே முதுகைத் தட்டுகிறார்கள்.

டீக்கடையில் நல்லபடியாகப் பேசினார். ரெண்டு வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதாராம். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை முதல் தடவையாகத் தரையில் நெற்றி வைத்தாராம். "எழுந்திருக்கவே மனசு வரலைங்க" என்றார். அதைச் சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அவர் எலும்பு நல்ல எலும்பாக இருக்கலாம். சௌந்தர்யாவைத் தூக்குகிற விஷயமும் அப்படியே இருக்கிறது. பார்ப்போம்.

தெய்வநாயகம்


புதுச்சேரி
16.7.2024

தம்பிக்கு,

பார்ப்போம் என்று எழுதினாய். நீ பார்த்துக்கொண்டே இரு. நேற்று நான் மணவாளநல்லூருக்கு வந்து கொளஞ்சியப்பர் கோயிலில் உன்மேல் பிராது கட்டிவிட்டேன். வாதி சுலோச்சனா, பிரதிவாதி தெய்வநாயகம், முதுகு ஆபரேஷனுக்குச் சம்மதிக்காமல் குடும்பத்தை வதைக்கிறான், சாமி விசாரித்து நல்ல புத்தி கொடுக்கணும் என்று தெளிவாக எழுதி வேலில் கட்டியாயிற்று. அங்கே ஆடு காணோம், நகை காணோம் என்று பிராது எழுத வந்தவர்கள் என் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு எனக்காக அனுதாபப்பட்டார்கள்.

அவ்வளவு தூரம் வந்தும் உன் வீட்டுக்கு வரவில்லை. பஸ்ஸு உன் தெரு முனையைத் தாண்டியபோது தலையைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் தெருவிலே நீ நடந்து போனதைப் பார்த்துவிட்டேன். கடைவாசல் கம்பியைப் பிடித்து நின்று, நாலு அடி நடந்து, மறுபடி நின்றாய். கடலூர் வரை அழுதுகொண்டே வந்தேன். கண்டக்டர் தண்ணி பாட்டில் கொடுத்தார்.

சௌந்தர்யாவைத் தூக்குவதற்காக முதுகை இப்படி வைத்திருக்கிறாயா? அவள் கேட்டால் என்ன சொல்வாள் தெரியுமா? கேட்டுவிட்டேன். "மாமா என்ன தூக்கணும்னு யாரு கேட்டா? மாமா நடந்து வந்தா போதும்" என்றாள். அவள் எழுதச் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

சுலோச்சனா


விருத்தாசலம்
6.8.2024

அக்காவுக்கு,

சாமிக்குப் பயந்து இல்லை, சௌந்தர்யா சொன்னதற்காகத்தான் போனேன். உனக்குத் தெரியாமல் வரலாம் என்று பார்த்தால் ஆஸ்பத்திரி வாசல் உன் மெஸ்ஸுக்கு நேர் எதிரே இருக்கிறது. நீ இட்லிச் சட்டி மூடியைக் கையில் பிடித்தபடி நின்றதைப் பார்த்தேன். நானும் பார்க்காத மாதிரி உள்ளே போனேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. என் பீங்கான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, நல்ல கேள்வி என்றார். ஜுரம் வந்தாலும் உடம்புச் சூடு ஒன்றிரண்டு டிகிரிதான் ஏறும், அதற்கெல்லாம் திருகு விரிந்து எலும்பை உடைக்காது என்றார். பிறகு ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பை எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: "திருகு தாங்கறது கொஞ்ச காலத்துக்குத்தான். கூட்டுக்குள்ள எலும்புத் தூள் வெப்போம். ரெண்டு பக்கத்து எலும்பும் அதுக்குள்ள வளந்து ஒண்ணா சேந்துடும். அப்புறம் பாரத்த எலும்புதான் தாங்கும்."

அக்கா, அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்து ஷெட்டில் டீக் கப் செய்கிறார்கள். கப்பும் அதன் காதும் தனித்தனியாக வார்த்தது. பச்சையாக இருக்கும்போதே ரெண்டுக்கும் நடுவில் மண்கூழைத் தடவி ஒட்டினால், சுட்ட பிறகு எது கப் எது காது என்று பிரிக்க முடியாது. சுட்டதற்கு அப்புறம் ஒட்டினால் எந்தப் பசையும் நிற்காது. நான் இத்தனை நாளும் எலும்பைச் சுட்ட பீங்கான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது கடைசி வரை பச்சை மண்தான். வளரும், ஒட்டும். இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை?

சரி என்று சொல்லிவிட்டேன். ஆவணியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். சிகரெட்டைத் தொடவே கூடாது, எலும்பு சேராது என்றார்கள். விட்டுவிட்டேன், ராஜம்மாளைக் கேட்டுப் பார்.

பயமாகத்தான் இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

தெய்வநாயகம்


புதுச்சேரி, மெஸ்ஸிலிருந்து
30.8.2024

தம்பிக்கு,

ரோட்டைத் தாண்டினால் நீ படுத்திருக்கிறாய், நான் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். உலகத்தில் எவளாவது இப்படிச் செய்வாளா? ஆனால் சொன்னது சொன்னதுதான்.

உன்னை உள்ளே கொண்டுபோன பிறகு மெஸ்ஸைச் சாத்திவிட்டேன். வியாபாரம் ஆரம்பித்த நாளிலிருந்து மத்தியானத்தில் சாத்தியது இதுதான் முதல் தடவை. ராஜம்மாளும் நானும் கை கோத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டாக்டரம்மா வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்று சொன்னதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை நான். சாயங்காலம் நீ மயக்கத்தில் இருந்தபோது கட்டிலின் கால்மாட்டில் நின்று உன் இடது கால் பெருவிரலைக் கிள்ளினேன். நீ காலை இழுத்துக்கொண்டாய். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

மறுநாள் நீ கண் விழித்ததும் நான் பேசியதெல்லாம் உன்னோடு இல்லை, சுவரோடு. "இந்த வூட்டு ஆம்பளைக்கு ரசஞ்சோறு பிடிக்குமான்னு யாராச்சும் கேட்டு சொல்லுங்க" என்று ராஜம்மாளைப் பார்த்துத்தான் சொன்னேன். நீ சிரித்தாய், தையல் வலிக்கிறது என்று முனகினாய். நல்லா வேண்டும்.

சுலோச்சனா


ஆஸ்பத்திரி
2.9.2024

அக்காவுக்கு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், கையெழுத்தைக் குறை சொல்லாதே. இன்று என்னை நடக்க வைத்தார்கள். தையல் வலி இருக்கிறது. ஆனால் காலில் இறங்கும் அந்தப் பழைய வலி இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லவே இல்லை. செருப்புப் போட்டுப் பார்த்தேன். செருப்பு இருப்பது காலுக்குத் தெரிகிறது. வராந்தாவில் நின்று குழந்தை மாதிரி அழுதேன். நர்ஸ் வலிக்கிறதா என்று கேட்டாள். வலிக்கவில்லை, அதனால்தான் அழுகிறேன் என்றேன்.

ஜன்னலிலிருந்து உன் மெஸ் தெரிகிறது. காலையில் நீ ஆஸ்பத்திரிப் பக்கம் எத்தனை தடவை திரும்பிப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். சாம்பாரில் உப்பு தூக்கல் என்பதைச் சுவரிடம் சொல்லியிருக்கிறேன், வந்தால் கேட்டுக்கொள்.

தெய்வநாயகம்


விருத்தாசலம்
20.12.2024

அக்காவுக்கு,

நீ தட்டு வைத்து அழைக்க வந்த அன்றைக்கு நடந்ததைத் தெருவே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. பழம், பாக்கு, பத்திரிகை எல்லாம் என் முன்னால் வைத்துவிட்டு, சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்த்து, "தாய்மாமன் குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்" என்றாய். நானும் காலண்டருக்குத்தான் பதில் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து காலண்டரில் என்ன விசேஷம் என்று பார்த்துவிட்டுப் போனார்.

கோயிலுக்குப் போய்ப் பிராதை வாபஸ் வாங்கிவிட்டாய் என்று ராஜம்மாள் சொன்னாள். சாமியே கேஸை முடித்துவிட்டார், நீ இன்னும் முடிக்க மாட்டேன் என்கிறாய். உன் வைராக்கியம் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்யாண வீட்டில் நீ என்னிடம் வாய் திறக்காவிட்டால் எனக்கு இந்த முதுகு கிடைத்து என்ன பிரயோசனம்?

போன வாரம் படம் எடுத்தார்கள். கூட்டுக்குள் எலும்பு வளர ஆரம்பித்திருக்கிறது. தரையில் கொஞ்ச நேரம் உட்காரலாம், முழங்காலை மடக்கிக் குனியலாம், ஆனால் பாரம் மட்டும் தூக்கவே கூடாது என்று டாக்டரம்மா விரலை ஆட்டிச் சொன்னார். பெண்ணைக் கைப்பிடித்து அழைத்து வருவதாகத்தான் முடிவு.

தெய்வநாயகம்


புதுச்சேரி
12.2.2025

தம்பிக்கு,

பேச ஆரம்பித்த பிறகும் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். கல்யாணத்தன்று கத்திய கத்தலில் தொண்டை கட்டிவிட்டது. மாமா மிளகுக் கஷாயம் போட்டுத் தருகிறார், ஊமையாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

எவ்வளவு சொல்லியும் என்ன காரியம் செய்தாய்? மேளம் கொட்டுகிறது, சனமெல்லாம் பார்க்கிறது, கைப்பிடித்து அழைத்து வருவாய் என்று நான் மணவறையில் நிற்கிறேன். நீ பாதி வழியில் நின்று, முழங்காலை மடக்கிக் குனிந்து, ரெண்டு கையையும் சௌந்தர்யாவைத் தூக்குகிற மாதிரி கொண்டுபோகிறாய். எனக்கு நாலு திருகும் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. "டேய் தெய்வா, வுடுடா அவள, முதுகு போயிடும்" என்று நான் கத்தியதில் நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. மாப்பிள்ளை மணிபாரதிகூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். சொர்ணாம்பாள் என் தோளைப் பிடித்து, "தம்பிக்கு இப்படி ஒரு அக்கா இருந்தா முதுகு எதுக்கு" என்றாள்.

ஒரு தடவை வாய் திறந்துவிட்டால் அப்புறம் மூட முடியுமா? இத்தனை மாதத்துத் திட்டையும் அங்கேயே கொட்டிவிட்டேன். நீ சிரித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்து நடந்து வந்தாய். யார் துணையும் இல்லாமல் ஜமக்காளத்தில் உட்கார்ந்து பட்டம் கட்டினாய். அத்தனை சம்பந்திகளும் பார்க்க, நீயாகவே எழுந்து நின்றாய். எனக்கு வேறென்ன வேண்டும்? அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

ஆனால் தூக்கப் போனது தப்புதான். டாக்டரம்மாவிடம் சொல்லாமல் விட மாட்டேன்.

சுலோச்சனா


விருத்தாசலம்
17.2.2025

அக்காவுக்கு,

டாக்டரம்மாவிடம் தாராளமாகச் சொல். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலமே அவரிடம் கேட்டுவிட்டேன். குனியலாம், தூக்கத்தான் கூடாது என்றார். நான் குனிய மட்டும்தான் செய்தேன்.

நடந்தது இதுதான். பெண்ணழைப்பு அன்று சௌந்தர்யா என்னிடம் வந்து, அம்மா மாமாவோட பேசாம என் கல்யாணம் என்ன கல்யாணம் என்று அழுதாள். உன்னை எனக்குத் தெரியாதா? கெஞ்சினால் இறங்க மாட்டாய், சாமி சொன்னாலும் இறங்க மாட்டாய். எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தால் மட்டும் உன் வைராக்கியம் நிற்காது. அவளிடம் சொல்லி வைத்தேன். நடுவில் குனிந்தபோது அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "அசையாம நில்லு கண்ணு, மாமா தூக்க மாட்டேன், அம்மா கத்துவா பாரு" என்றேன். முகூர்த்தப் படத்தில் அவள் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பது அதனால்தான். என் கை அவள் புடவையில்கூடப் படவில்லை.

இதைப் படித்து முடித்ததும் நீ போனை எடுப்பாய். ராஜம்மாளிடம் சொல்லி என் போனைச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். தொண்டை சரியாகிவிட்டதா? திட்டு, கேட்கிறேன்.

தெய்வநாயகம்